தாமரை இலையைத் தேய்த்துப் பார்த்தீர்களா?

பெங்களூரு பீன்யாவில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இறுதியாண்டு மாணவர்கள் வந்தபடி இருப்பார்கள். தமிழ் பேசும் ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்று ஸ்ரீராமபுரம், அல்சூர் பக்கத்துப் பையன்கள் நேராக என்னிடம் வருவார்கள். அவர்களில் நிறையப் பேருக்கு இயற்கையைப் பார்த்து வடிவமைக்கிற புராஜெக்ட் மீதுதான் ஆசை. ஆசையில் குறையில்லை. தடுக்கி விழுகிற இடங்கள்தான் வருஷா வருஷம் ஒன்றாகவே இருக்கின்றன.

போன வருஷம் ஒருவர் டேபிள் ஃபேன் இறக்கை ஒன்றை த்ரீடி பிரிண்டரில் அச்சடித்துக் கொண்டுவந்தார். முன்விளிம்பில் வரிசையாக மேடுகள்.

“ஹம்ப்பேக் திமிங்கிலத்தோட துடுப்புண்ணா. கரண்ட் கம்மியா இழுக்கும்.”

“மேடு இல்லாத இறக்கையை ஓட்டிப் பார்த்தியா?”

“இல்லண்ணா, அது சாதா இறக்கைதானே…”

அதே அளவில் ஒரு சாதா இறக்கையும் அச்சடிக்கச் சொன்னேன். இரண்டையும் அதே மோட்டாரில் மாட்டி, கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் காற்றுவேக மீட்டரும் வைத்துப் பார்த்தோம். வித்தியாசமே இல்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் இதில் திமிங்கிலத்தின் மீது தப்பில்லை. அந்த மேடுகள் உதவுவது ஸ்டால் ஆகும் கட்டத்தில். துடுப்பு ரொம்பச் சாய்ந்தால் அதன் மேல் ஓடும் நீர் பரப்பை விட்டுப் பிரிந்துவிடும், தூக்குவிசை சட்டென்று விழும். மேடுகள் அதைத் தள்ளிப்போடும். 2004-இல் வெளியான காற்றுச்சுரங்கச் சோதனையில், மேடு வைத்த துடுப்பு மாதிரி சுமார் 40 சதவீதம் கூடுதல் கோணம் வரை தாங்கியது. டேபிள் ஃபேன் இறக்கை அந்தக் கோணத்தின் பக்கமே போவதில்லை. அப்புறம் மேடு இருந்தென்ன, இல்லாமல் என்ன?

உயிரியை முதலில் பிடித்துக்கொண்டு அதற்குப் பொருத்தமான பிரச்சினையைத் தேடியதில் வந்த வினை இது. ஜப்பான் புல்லட் ரயிலில் நடந்தது நேர் எதிர். சுரங்கத்துக்குள் வேகமாக நுழையும் ரயில் முன்னால் இருக்கும் காற்றை அமுக்க, மறுமுனையில் வெடிச்சத்தம் கேட்டது. அது தீரவேண்டிய பிரச்சினை. காற்றிலிருந்து தண்ணீருக்குள் அலுங்காமல் பாய்வது யார் என்று யோசித்தார் எய்ஜி நகாட்சு. அவர் பொறியாளர், பறவை பார்ப்பவரும்கூட. 1997-இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலுக்கு மீன்கொத்தியின் அலகு வந்தது இப்படித்தான்.

அடுத்த தவறு, உயிரியைப் பற்றி முதலில் படித்ததை அப்படியே நம்புவது. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 1996-இல் திறந்த ஈஸ்ட்கேட் கட்டடம் எல்லா பவர்பாயிண்டிலும் வரும். கரையான் புற்றெடுக்கக் கட்டடக்காரர் குடிபுகுந்த கதை. சூடான காற்று மேலேறி வெளியேறுவதால் புற்று குளிர்ச்சியாக இருக்கிறது என்ற பழைய விளக்கத்தை வைத்துத்தான் அதை வடிவமைத்தார்கள். பின்னால் அளந்து பார்த்தபோது, கூட்டின் வெப்பநிலை சுற்றியுள்ள மண்ணையே பின்பற்றுவது தெரிந்தது. புற்றின் முக்கிய வேலை மூச்சு விடுவது. நம்மூர்க் கரையான் புற்றுகளை ஆராய்ந்து 2015-இல் வந்த கட்டுரை அந்த மூச்சைக் காட்டியது: பகலில் வெளிப்புற மடிப்புகள் நடுப்பகுதியைவிடச் சீக்கிரம் சூடாக, காற்று ஓரத்தில் ஏறி நடுவில் இறங்குகிறது, இரவில் அப்படியே தலைகீழ். உள்ளே சேர்ந்த கரியமில வாயு இந்தச் சுழற்சியில் வெளியேறுகிறது.

ஈஸ்ட்கேட் மட்டும் எப்படிக் குளிர்ச்சியாக இருக்கிறது? இரவுக் குளிர்காற்றை மின்விசிறிகளால் உள்ளே இழுத்துக் கனமான கான்கிரீட்டை ஆறவைக்கிறார்கள். கருத்து தப்பு, கட்டடம் சரி. எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. பெங்களூரில் இருந்துகொண்டு ஓர் உயிரியல்காரரிடம் பேசாமல் புராஜெக்ட் முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்திய அறிவியல் கழகமும், ஜி.கே.வி.கே. வளாகத்தில் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இங்கேதானே இருக்கின்றன?

தாமரை இலைத் தண்ணீர் போல என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். இலையில் நுண்ணிய மேடுகள், அவற்றின் மேல் மெழுகுத் துகள்கள்; துளி அவற்றின் நுனியில் மட்டும் நிற்பதால் உருண்டு ஓடுகிறது. ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் இதை 1997-இல் விரிவாக எழுதினார், 1999-இல் சுவர்ப் பெயிண்டே வந்துவிட்டது. கே.ஆர். மார்க்கெட்டில் பூக்காரம்மாவிடம் ஓர் இலை கேட்டு வாங்குங்கள். ஒரு சொட்டு விட்டால் பாதரசம் போல ஓடும். அதே இடத்தைக் கட்டைவிரலால் நாலு தரம் அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி விடுங்கள். சொட்டு படுத்துக்கொள்ளும். தேய்க்காத இடத்தில் சோப்புத் தண்ணீரை விட்டாலும் பரவி ஒட்டும். உயிரோடு இருக்கும் செடி மெழுகை மறுபடி சுரந்துகொள்ளும். அதைப் பார்த்து ஹெல்மெட் கண்ணாடியில் நீங்கள் பூசிய பூச்சு சுரக்காது. சில்க் போர்டு சிக்னலில் நின்றபடி கர்சீப்பால் நாலு நாள் துடைத்தால் போயே போய்விடும். தேய்மானம், அழுக்கு, பழுது இதையெல்லாம் கணக்கில் எடுக்காத டிசைன்தான் நான் அதிகம் பார்ப்பது.

அளவு மாறினால் இயற்பியலும் மாறும் என்பதை எல்லோரும் படித்திருக்கிறார்கள், டிசைனில்தான் மறந்துவிடுகிறார்கள். நீளத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு 4 மடங்கு, எடை 8 மடங்கு. கலிலியோ 1638-லேயே எழுதிவைத்தது. எறும்புக் காலை ஒரு மீட்டருக்குப் பெரிதாக்கினால் எறும்பின் பலம் வராது.

செய்து முடிக்க ஆகும் நேரத்தையும் அப்படித்தான் மறந்துவிடுகிறார்கள். சுவிஸ் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் தன் நாயின் ரோமத்தில் ஒட்டிய காய்களைப் பார்த்தது 1941-இல், வெல்க்ரோ காப்புரிமை 1955-இல். அந்தக் காயின் கொக்கியைப் புரிந்துகொள்வதைவிட அதை நைலானில் ஆயிரக்கணக்கில் செய்வதற்குத்தான் வருஷங்கள் பிடித்தன. நம் பையன்களுக்குக் கிடைப்பது ஒரு செமஸ்டர்.

ஃபேன் பையன் புராஜெக்டைக் கைவிடவில்லை. இரண்டு வகை இறக்கைகளையும் வெவ்வேறு கோணத்தில் அச்சடித்து, மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து அளந்தார். சாய்வான ஜோடிகளில் சாதா இறக்கையின் காற்று சரிய, மேடு வைத்தது கொஞ்சம் தாக்குப்பிடித்தது. கிராஃபில் இரண்டு கோடுகளும் பிரியும் இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். வைவாவில் முதல் கேள்வியே “சாதா இறக்கையோடு ஒப்பிட்டீர்களா?” என்பதுதானாம்.