டைகர் மாத் மாடலை முதன்முதலாகப் பறக்கவிடும்போது

டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கை விமானத்தின் ரிமோட் மாடலை ஆறு மாதம் உட்கார்ந்து ஒட்டி, அது முதல் நாளே நொறுங்கினால் வயிறு எரியும். நான் பார்த்தவரை அப்படி விழுந்தவற்றில் பலவும் மேசை மேலேயே கெட்டுப்போனவை.

பெரிய தவறு, ஒற்றை இறக்கை விமானத்துக்கு அளப்பதுபோல ஈர்ப்பு மையத்தை அளப்பது. டைகர் மாத்தின் மேல் இறக்கை கீழ் இறக்கையைவிட முன்தள்ளி நிற்கும். கீழ் இறக்கையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் வால் கனத்துவிடும். பிளானில் குறித்த புள்ளி இருந்தால் அதையே பிடியுங்கள். இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு கற்பனை இறக்கை இருப்பதாக வைத்து, அதன் அகலத்தில் முன்பக்கக் கால்பங்கில் மையத்தை வையுங்கள். இறக்கைகள் பின்சாய்ந்தவை என்பதால், உடலை ஒட்டி அளக்காமல் ஒரு பக்க இறக்கையின் பாதி நீளத்தில் அளக்க வேண்டும். மூக்கு கொஞ்சம் கனத்தால் விமானம் மந்தமாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனத்தால் கைக்கு அடங்காது.

அப்புறம், ஏலரானை (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் தகடு) மட்டும் நம்பித் திருப்புவது. டைகர் மாத்துக்கு ஏலரான் கீழ் இறக்கையில் மட்டுமே உண்டு. வலப்பக்கம் ரிமோட்டின் ஸ்டிக்கைத் தள்ளினால், இடப்பக்கம் கீழிறங்கும் ஏலரான் காற்றை இழுத்துப் பிடித்து மூக்கை இடப்பக்கம் திருப்பும். ஏலரான் மேலே போகும் அளவைக் கூட்டி, கீழே இறங்கும் அளவை வெகுவாகக் குறையுங்கள். அசல் விமானத்திலும் இதே ஏற்பாடுதான். கூடவே ரட்டரும் (மூக்கை இடவலம் திருப்பும் வால் தகடு) கொடுங்கள்.

டிரிம் செய்ய, அதாவது ஸ்டிக்கைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி ரிமோட்டில் நுணுக்கமாகச் சரிசெய்ய, அவசரப்படக் கூடாது. என் விமானம் கிளம்பியதுமே இடப்பக்கம் சாய்ந்தது. டிரிம் பொத்தானைத் தேடிக் குனிந்தேன். நிமிர்வதற்குள் அது புதருக்குள் போய்விட்டது. சாய்ந்தால் ஸ்டிக்கால் பிடித்துக்கொண்டே உயரம் ஏறுங்கள். பாதித் திராட்டிலில் (மோட்டாருக்குக் கொடுக்கும் விசையில்) நேராகப் பறக்கவிட்டு, பக்கத்தில் நிற்கும் நண்பரை டிரிம் பொத்தானை ஒவ்வொரு சொடுக்காக அழுத்தச் சொல்லுங்கள். திராட்டிலைக் குறைத்த கணமே மூக்கு சட்டென்று மேலே எழுந்தால், ஈர்ப்பு மையத்தில் கை வைக்கும் முன் மோட்டாரின் சாய்வைப் பாருங்கள்.

இறங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு இறக்கை, தாங்குகட்டைகள், கம்பிகள் என எல்லாம் சேர்ந்து காற்றில் இழுக்கும். ஒற்றை இறக்கை விமானத்துக்குப் போல திராட்டிலை முழுக்க மூடினால், வேகம் மளமளவென்று வடிந்து ஓடுபாதைக்கு முன்பே தொப்பென்று விழும். தரையில் சக்கரம் படும்வரை கொஞ்சம் திராட்டில் இருக்கட்டும். நின்றதும் கிளெவிஸை (அசையும் தகடுகளை இழுக்கும் கம்பியின் முனைக் கொக்கி) திருகிச் சரிசெய்து, டிரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த முறை ஏற்றுங்கள்.