குளிர்நாட்டுக்குப் போகும் சிங்கப்பூர்த் தோலுக்கு

மகளைப் பார்க்க டிசம்பரில் லண்டன் போயிருந்தேன். நான்காம் நாளே முழங்காலுக்குக் கீழே தோல் செதில் செதிலாக வெடித்தது. குளிர்காற்றில் ஈரம் குறைவு. அதே காற்றை அறைக்குள் ஹீட்டர் சூடாக்கும்போது தோலின் ஈரமும் போய்விடுகிறது.

முதலில் குளியலைத் திருத்துங்கள். நடுங்கிக்கொண்டு வந்ததும் கொதிக்கும் நீரில் நிற்கத் தோன்றும், வேண்டாம். வெதுவெதுப்பான நீர், பத்து நிமிடத்துக்குள். சோப்பு அக்குளுக்கும் பாதத்துக்கும் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் குளியலறையிலேயே நின்று கிரீம் பூசிவிடுங்கள். நான் செய்த தவறு இதுதான்: உடுத்தி, தேநீர் குடித்து, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு பூசினேன். அப்போது பூட்டிவைக்க ஈரமே இருக்காது.

நம் ஊரில் பிசுபிசுக்கிறது என்று ஒதுக்குகிறோமே, அந்தக் கெட்டியான, வாசனையில்லாத கிரீம்தான் அங்கே வேண்டும். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய தேங்காய் எண்ணெயையும் கொண்டுபோகலாம். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். குறுகிய வாய்ப் பாட்டிலோடு நான் பட்ட பாடு போதும். அகன்ற வாய் டப்பாவில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

குதிகாலுக்கு, தடித்த தோலை மென்மையாக்கும் யூரியா 10 சதவீதம் கலந்த கிரீம், மேலே பருத்திக் காலுறை, இரவு முழுவதும். உதட்டை நாக்கால் நனைக்காதீர்கள், வாஸ்லின் தடவுங்கள். கம்பளி உடைக்குள் பருத்திச் சட்டை அணியுங்கள். வெடிப்பில் இரத்தம் கசிந்தாலோ அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.