பிளாப்பில் கிடக்கும் பழைய பில்களை எஸ்கியூஎல் சர்வரிலிருந்தே படிப்பது எப்படி

இந்த வருஷத்து பில்லும் கஸ்டமர் டேபிளும் எஸ்கியூஎல் சர்வரில் இருக்கின்றன, அதற்கு முந்தையதெல்லாம் பார்கே (Parquet) என்ற வகை ஃபைல்களாக மைக்ரோசாஃப்ட் கிளவுடின் ஃபைல் கிடங்கான அஷூர் பிளாப் ஸ்டோரேஜில் கிடக்கிறது, ஆடிட்டரோ இரண்டையும் சேர்த்து ஒரே ரிப்போர்ட்டாகக் கேட்கிறார். பழசை மொத்தமாக இறக்கி ஒரு தற்காலிக ஸ்டேஜிங் டேபிளில் ஏற்றத்தான் முதலில் கை போகும். வேண்டாம். உங்களிடம் இருப்பது 2022 பதிப்பு என்றால் ஃபைல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், டேட்டாவைக் கேட்கும் கொரியை மட்டும் அங்கே அனுப்புங்கள். அப்படிச் செய்தால் ஒரே டேட்டாவுக்கு இரண்டு பிரதி கிடையாது, எது சரியான பிரதி என்ற சண்டையும் கிடையாது.

இந்த வேலையைச் செய்வது எஸ்கியூஎல் சர்வரின் பாலிபேஸ் அம்சம். 2016 பதிப்பிலேயே வந்ததுதான், ஆனால் அன்று அது ஹடூப் என்ற பெரிய டேட்டா மென்பொருளை நம்பி இருந்தது. 2022-இல் ஹடூப் இணைப்பை எடுத்துவிட்டார்கள், இப்போது சர்வரே நேராக ஸ்டோரேஜோடு பேசுகிறது. அதனால் பழைய குறிப்புகளில் லொகேஷன், அதாவது ஸ்டோரேஜின் முகவரி, 'டபிள்யூஏஎஸ்பிஎஸ்' என்று தொடங்கினால் அதை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். பிளாப்புக்கு இப்போது 'ஏபிஎஸ்', டேட்டா லேக் ஜென்2-வுக்கு 'ஏடிஎல்எஸ்', அமேசான் எஸ்3 அல்லது அதே முறையில் பேசும் மினியோ போன்றவற்றுக்கு 'எஸ்3'.

இன்ஸ்டால் செய்யும்போது பாலிபேஸ் கொரி சர்வீஸ் அம்சத்தை டிக் செய்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் செட்டப்பை மறுபடி ஓட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு சர்வர் செட்டிங்கை மாற்றும் எஸ்பி கான்ஃபிகரில் 'பாலிபேஸ் எனேபிள்ட்' என்பதை 1 ஆக்கி ரீகான்ஃபிகர் கொடுங்கள். சர்வர் உங்கள் ஆபீஸிலேயே இருந்தால், அதிலிருந்து 443 போர்ட் வழியாக ஸ்டோரேஜுக்கு வெளியே போக ஃபயர்வால் விடுகிறதா என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து சாவி. டேட்டாபேஸில் மாஸ்டர் கீ (ரகசியங்களைப் பூட்டி வைக்கும் முதன்மைச் சாவி) இல்லையென்றால் முதலில் அதை உருவாக்குங்கள், அதற்கு மேல்தான் ஸ்டோரேஜுக்குள் நுழைய உதவும் டேட்டாபேஸ் ஸ்கோப்டு கிரெடென்ஷியல். ஐடென்டிட்டி என்ற இடத்தில் 'ஷேர்டு ஆக்சஸ் சிக்னேச்சர்' என்று அப்படியே எழுத வேண்டும், சீக்ரெட்டில் அஷூர் போர்ட்டல் தரும் எஸ்ஏஎஸ் டோக்கன், அதாவது ஸ்டோரேஜைத் திறக்கும் அனுமதிச் சீட்டு. போர்ட்டலில் காப்பி செய்யும் டோக்கன் சில சமயம் கேள்விக்குறியோடு தொடங்கும், அந்த ஒரு எழுத்தை நீக்கிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். டோக்கனுக்கு ரீட், லிஸ்ட் இரண்டு அனுமதியும் தேவை. ரீட் மட்டும் கொடுத்தால் ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று சர்வருக்குத் தெரியாது, டைரக்டரியைப் பட்டியலிட முடியவில்லை என்று பிழை வரும். டோக்கன் காலாவதி ஆனாலும் இதே பிழையைப் பார்க்க நேரலாம், எனவே காலாவதித் தேதியை டீம் காலண்டரில் போட்டு வையுங்கள். ரைட், டெலீட் அனுமதியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள், படிக்கிற வேலைக்கு அது எதற்கு?

இந்தக் கிரெடென்ஷியலைச் சுட்டி ஸ்டோரேஜ் எங்கே இருக்கிறது என்று சர்வருக்குச் சொல்லும் ஒரு எக்ஸ்டர்னல் டேட்டா சோர்ஸ் உருவாக்கி, லொகேஷனில் கன்டெய்னர் வரை கொடுத்தால் போதும். சரி, இப்போது சோதித்துப் பார்க்கலாம். செலக்ட் டாப் 10, ஃப்ரம் ஓப்பன்ரோசெட் (வெளியே உள்ள ஃபைலை டேபிள்போலப் படிக்கும் ஃபங்ஷன்), அதன் அடைப்புக்குள் பல்க் என்று ஃபைலின் பாதை, ஃபார்மட் பார்கே, டேட்டா சோர்ஸின் பெயர். பத்து வரி வந்துவிட்டால் கஷ்டமான பாதி முடிந்தது.

அப்புறம்தான் பலர் அவசரப்படுகிறார்கள். காலம் (டேபிளின் நெடுவரிசை, column) விவரம் கொடுக்காமலே பார்கே ஓடும், ஏனென்றால் டைப் எல்லாம் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் எழுத்துக் காலத்தின் அதிகபட்ச நீளம் அதில் இருக்காது, அதனால் சர்வர் ஒவ்வொன்றையும் வார்கேர் 8000 என்று எடுத்துக்கொள்ளும். பில் நம்பருக்கு 8000 எழுத்து எதற்கு? வித் பகுதியில் காலம் பெயரையும் சரியான நீளத்தையும் நீங்களே எழுதுங்கள், ஜாயினும் சார்ட்டும் செய்யும்போது மெமரி வீணாகாது. கஸ்டமர் பெயர் தமிழில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பார்கே எழுத்துகளை யூடிஎஃப்-8 ஆக வைத்திருக்கும், உங்கள் டேட்டாபேஸ் கொலேஷன் (எழுத்துகளை வைக்கும், வரிசைப்படுத்தும் முறை) வேறாக இருந்தால் வார்கேரில் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். அந்தக் காலத்துக்கு என்வார்கேர் போடுங்கள், அல்லது யூடிஎஃப்-8 என்று முடியும் கொலேஷன் ஒன்றைக் கொடுங்கள்.

சிஎஸ்வி ஃபைல் என்றால் வித் பகுதியை எழுதியே ஆக வேண்டும். முதல் வரி தலைப்பு என்றால் ஃபர்ஸ்ட்ரோ 2. முடிந்தால் சிஎஸ்வியை விட்டே விடுங்கள். பார்கே ஒவ்வொரு காலத்தையும் தனித்தனியாகச் சேமிக்கிறது, நீங்கள் கேட்ட மூன்று காலத்தை மட்டும் படித்துவிட்டு மற்றதைத் தொடாமல் விட முடியும். இதே காரணத்துக்காக செலக்ட் ஸ்டார் எழுதும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிடுங்கள்.

வேகம் பெரும்பாலும் ஃபோல்டர் அமைப்பில் இருக்கிறது. எல்லா ஃபைலையும் ஒரே இடத்தில் கொட்டாமல் வருஷம், மாதம் என்று ஃபோல்டராகப் பிரித்து வைத்தால், பாதையில் அந்த இடங்களில் நட்சத்திரக் குறி போட்டு, வேர் பகுதியில் ஃபைல்பாத் 1 என்பது 2023-க்குச் சமம் என்று கேட்கலாம். முதல் நட்சத்திரம் நின்ற இடத்தின் மதிப்புதான் அது. மற்ற வருஷங்களின் ஃபைலைச் சர்வர் திறக்கவே திறக்காது. பில் தேதிக் காலத்தில் மட்டும் ஃபில்டர் போட்டால் இந்த லாபம் கிடைக்காது.

தினமும் ஓடும் ரிப்போர்ட்டுக்கு ஓப்பன்ரோசெட்டைத் திரும்பத் திரும்ப எழுதாமல் ஃபைல் வகையைச் சொல்லும் எக்ஸ்டர்னல் ஃபைல் ஃபார்மட் ஒன்றும், பிளாப்பில் உள்ள ஃபைலைச் சுட்டும் எக்ஸ்டர்னல் டேபிள் ஒன்றும் உருவாக்கிவிடுங்கள். ரிப்போர்ட் எழுதுபவர் அதைச் சாதாரண டேபிள்போலவே கஸ்டமரோடு ஜாயின் செய்துகொள்வார், யாரும் அவர் கையில் டோக்கனைக் கொடுக்க வேண்டியதில்லை. இன்டெக்ஸ் போட முடியாது, ஆனால் கொரியைத் திட்டமிட சர்வருக்கு உதவும் கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடியும், ஜாயின் செய்யும் காலத்துக்காவது அதைப் போடுங்கள். இந்த டேபிளில் அப்டேட், டெலீட் நடக்காது. டேபிளை டிராப் செய்தாலும் பிளாப்பில் உள்ள ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது.

ஒரே டேட்டாவை நாள் முழுக்க நூறு பேர் கேட்கிறார்கள் என்றால் அப்போது இறக்கி வைப்பதுதான் நியாயம். ஒவ்வொரு கொரியும் நெட்வொர்க் வழியாக இழுக்கிறது, சர்வர் கிளவுடுக்கு வெளியே இருந்தால் வெளியேறும் டேட்டாவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அப்போதும் எக்ஸ்டர்னல் டேபிளிலிருந்து இன்சர்ட் செலக்ட் ஒரு வரி, தேவையான மாதம் மட்டும்.