தூங்கும் கைக்குழந்தையின் மூச்சை எண்ணுவது எப்படி?

இதற்குத் தேவை விநாடி முள் உள்ள ஒரு கடிகாரம், ஒரு முழு நிமிடம். பால் குடித்த கையோடும் அழுது ஓய்ந்த கையோடும் எண்ணாதீர்கள். அசையாமல் தூங்கும்போது சட்டையை விலக்கி வயிற்றைப் பாருங்கள். இந்த வயதில் மூச்சு நன்றாகத் தெரிவது அங்கேதான். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு.

15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் பச்சிளங்குழந்தைக்கு உதவாது. வேகவேகமாகச் சில மூச்சு விட்டு, 5 முதல் 10 விநாடி நிறுத்தி, தானே மறுபடி தொடங்குவது அதன் இயல்பு. நிறுத்தத்தில் எண்ணினால் கணக்கு குறையும், வேகத்தில் எண்ணினால் கூடும். ஆகவே 60 விநாடியும் எண்ணியே ஆகவேண்டும்.

2 மாதம் நிறையாத குழந்தைக்கு 60, அதன்பின் ஒரு வயதுவரை 50. இந்த அளவைத் தொட்டாலே வேகமான மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொஞ்சம் பொறுத்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையவில்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, மூக்குத் துவாரம் விரிந்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அதுவும் அவசரம்தான். நிறத்தை நாக்கிலும் ஈறிலும் பாருங்கள், அவை நீலமானால் அவசரம். குளிரில் கை, கால் மட்டும் நீலமாவது வேறு.

மூச்சு 20 விநாடி நின்றாலோ, அதற்குள்ளேயே நிறம் மாறித் துவண்டாலோ, உள்ளங்காலைச் சுண்டி முதுகைத் தேய்த்துவிடுங்கள். குலுக்கவே கூடாது, மூளையில் ரத்தம் கசியும். மூச்சு திரும்பவில்லையா? ஒருவர் 108ஐ (இலங்கையில் 1990) அழைக்கட்டும். மற்றவர் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்துத் தம் வாயால் மூடி, மார்பு எழுமளவு மட்டும் இருமுறை ஊதவேண்டும். பிறகு மார்பைச் சுற்றிப் பிடித்து, முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே நடு எலும்பை இரு கட்டைவிரல்களால் 4 செ.மீ. ஆழத்துக்கு 30 முறை வேகமாக அழுத்தவேண்டும். உதவி வரும்வரை இருமுறை ஊதுவது, 30 முறை அழுத்துவது என மாறிமாறிச் செய்யுங்கள்.

தூளியில் உறங்கவிட்டால் முகவாய் நெஞ்சில் மடிந்து மூச்சுப்பாதை நெரியலாம், குறைமாதக் குழந்தைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். தலையணையில்லாத, கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

காலுறை போல மாட்டும் கண்காணிப்புக் கருவிகள் தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தடுப்பதாக நிரூபணமில்லை. பெரியவர்களின் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி குழந்தையின் விரலில் சரியாகப் பொருந்தாது, அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள். குறைமாதக் குழந்தைக்கு மருத்துவரே கருவி கொடுத்தனுப்பியிருந்தால் அதை மட்டும் அவர் சொன்னபடி பயன்படுத்துங்கள். அது ஒலித்தால் முதலில் கருவியைப் பார்க்காமல் குழந்தையைப் பாருங்கள்: வயிறு அசைகிறதா, நாக்கு சிவந்திருக்கிறதா என்று.