குடும்பமாகச் சேர்ந்து ஒலிநூல் கேட்பது எப்படி?

வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் குடும்பங்கள், லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட ஆலிஸின் அற்புத உலகக் கதையிலிருந்து ஒலிநூல் கேட்கத் தொடங்கலாம். 12 அத்தியாயங்களே கொண்ட அந்நூலைத் தன்னார்வலர்கள் வாசித்த பதிவுகள் லிப்ரிவாக்ஸ் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரே நூலைப் பலர் வாசித்திருப்பதால், பெற்றோர் முதல் அத்தியாயத்தை முன்கூட்டியே கேட்டு, பிள்ளைகளுக்குத் தெளிவாக விளங்கும் குரலைத் தேர்ந்தெடுப்பது மிக அவசியம்.

நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும். கேட்கும்போது பிள்ளைகள் படம் வரையலாம், களிமண் பிசையலாம். கைக்கு வேலை இருந்தால் காது கதையில் நிலைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். முடிந்ததும் வினாத்தாள் நீட்டாமல், கேட்டதைப் பிள்ளைகளே தம் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். கல்வியாளர் சார்லட் மேசன் வலியுறுத்திய இம்முறையில், இளையவர் முதலில் சொல்ல, விட்டுப்போனதை மூத்தவர் நிரப்பலாம். பயணங்களுக்கான பதிவுகளை வீட்டிலேயே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.