சைனாடவுனுக்கு முதன்முறை செல்லும்போது: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ குடும்பத்தோடு சேர்ந்து வாழவோ வருகிற தமிழர்களில் பலர் முதல் சில மாதங்களைத் தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியாவைச் சுற்றியே கழித்துவிடுகிறார்கள். மளிகை, பூ, கோயில், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, வாழையிலைச் சாப்பாடு என எல்லாம் சிராங்கூன் சாலையிலேயே கிடைத்துவிடும்போது வேறு பக்கம் போகத் தோன்றாததில் வியப்பில்லை. ஆனால் இந்நாட்டின் குடிமக்கள், நிரந்தரவாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் சீனர்கள். அலுவலகத்திலும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியின் மின்தூக்கியிலும், பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலிலும் நாள்தோறும் அவர்களோடுதான் பழகப் போகிறீர்கள். அவர்களுடைய உணவு, பண்டிகை, மரியாதை முறைகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் பார்த்துப் பழக சைனாடவுனைவிட வசதியான பகுதி இல்லை. சுற்றுப்பயணிகள் அங்கே ஒருமுறை போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இங்கேயே வாழப் போகிறவர்கள் அந்தப் பகுதியைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

போவது மிக எளிது. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதையில் ஏறினால் மூன்றாவது நிலையம் சைனாடவுன். டௌன்டவுன் பாதையும் அங்கே வந்து சேர்கிறது. நிலையத்தின் ‘ஏ’ வாயில் வழியாக மேலே வந்தால் நேராகப் பகோடா தெருவில் நிற்பீர்கள். கடைத்தொகுதியான சைனாடவுன் பாயின்டுக்குச் செல்வோர் ‘ஈ’ வாயிலைப் பிடிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு இறுதியில் திறக்கப்பட்ட மேக்ஸ்வெல் நிலையம் அப்பகுதியின் தெற்கு முனையில் இருப்பதால், தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு அதுவே வசதி. ரயிலில் உண்பதற்கும் குடிப்பதற்கும் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கப்படலாம், தண்ணீருக்கும் விதிவிலக்கு இல்லை. டுரியான் பழத்தை ரயிலில் எடுத்துச் செல்லவே கூடாது. சைனாடவுனில் டுரியான் வாங்கினால் அங்கேயே தின்று முடித்துவிட்டுப் புறப்படுங்கள்.

பகோடா தெருவில் கண்ணுக்கு முதலில் படுவது நினைவுப்பொருள் கடைகளும் கூட்டமும்தான். அவற்றுக்கு இப்போதைக்கு நேரம் கொடுக்காமல் தெருவின் கடைசி வரை நடந்தால், சவுத் பிரிட்ஜ் சாலை முனையில் ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரம் தெரியும். அந்தக் கோபுரத்தை வைத்தே தெருவுக்குப் பகோடா தெரு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கோயிலின் மறுபக்கத்துத் தெரு டெம்பிள் தெரு. 1819இல், இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்து, செங்கல் சூளையும் கட்டுமானத் தொழிலும் நடத்திய நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய கோயில் அது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயிலும் அதுதான். அக்காலத்தில் கப்பலிலிருந்து இறங்கிய தமிழர்களுக்கு வேலையும் தங்குமிடமும் கிடைக்கும் வரை இக்கோயில் புகலிடமாக இருந்திருக்கிறது. சில அடிகள் தள்ளி, 1826இல் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. பக்கத்துத் தெருவுக்கு மாஸ்க் தெரு என்ற பெயர் அதனால் வந்தது. இன்னும் சற்று நடந்து தெலுக் ஆயர் தெருவுக்குப் போனால் நாகூர் தர்காவையும், குச்சுப் பள்ளி என்று தமிழ் முஸ்லிம்கள் அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசலையும், அவற்றுக்கு நடுவே ஹொக்கியன் சீனர்கள் கடல் தெய்வமான மாசோவுக்குக் கட்டிய தியான் ஹொக் கெங் கோயிலையும் பார்க்கலாம். இன்று வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் அந்தத் தெரு, கடலைத் தூர்ப்பதற்கு முன்பு கரையாகவே இருந்தது. கரையிறங்கிய எல்லா இனத்தாரும் முதலில் நன்றிக்கடன் செலுத்திய இடம் என்பதால்தான் இத்தனை வழிபாட்டுத் தலங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. மாரியம்மன் கோயிலுக்குப் போக விரும்புகிறவர்கள் காலையிலோ மாலையிலோ செல்ல வேண்டும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள்.

அடுத்து சாப்பாடு. புதிதாக வருகிறவர்கள் தயங்குவதும் தடுமாறுவதும் இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்மித் தெருவில் உள்ள சைனாடவுன் காம்ப்ளெக்ஸ், தெருவோரத்தில் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவதற்காகக் கட்டப்பட்டு 1983இல் திறக்கப்பட்டது. நிலத்தடித் தளத்தில் ஈரச்சந்தை; இரண்டாம் தளத்தில் 200க்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட, நாட்டிலேயே பெரிய உணவங்காடி நிலையம். மேசைமேல் ஒரு கைக்குட்டைத் தாள் பொட்டலமோ குடையோ கிடந்தால் அந்த இருக்கைக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். அதைத் தள்ளிவைத்துவிட்டு உட்காரக் கூடாது. கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்ந்துகொள்வது இங்கே இயல்பு. கையால் சைகை காட்டி, உட்காரலாமா என்று கேட்டால் போதும். கடைக்காரர் முதியவராக இருந்தால் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்று அழைப்பதே மரியாதை. வரிசை வேகமாக நகரும், அவர்களும் சுருக்கமாகவே பேசுவார்கள். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளூர் வங்கிக் கணக்கு திறக்கும் வரை ‘பேநவ்’ என்ற கைப்பேசிப் பணப்பரிமாற்ற வசதியைப் பயன்படுத்துவது எளிதல்ல என்பதால், சில்லறையும் இரண்டு, ஐந்து, பத்து வெள்ளித் தாள்களும் கையில் இருக்கட்டும்.

சைவ உணவு உண்பவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். தட்டில் இறைச்சித் துண்டு இல்லை என்பதால் மட்டும் ஒரு உணவு சைவமாகிவிடாது. கீரையைச் சிப்பிச் சாறு ஊற்றியும், பூண்டோடு காய்ந்த இறால் சேர்த்தும் வதக்குவார்கள். நூடல்ஸைப் பன்றிக் கொழுப்பில் புரட்டுவார்கள். கோழிச் சோற்றுக் கடையில் வெறும் சோறு கேட்டாலும் அந்தச் சோறே கோழிச் சாற்றில் வெந்ததுதான். இப்போது எங்கும் பரவிவிட்ட மாலா என்ற காரமான சீனக் குழம்பில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம் என்பதை மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே ‘மீட் வேண்டாம்’ என்று சொல்லி வாங்குவதைவிட, சீன பௌத்தர்கள் நடத்தும் தனிச் சைவக் கடைகளைத் தேடிப் போவதே பாதுகாப்பு. அங்கே இறைச்சி போலவே தோன்றும் துண்டுகள் சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்யப்பட்டவை. பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பல கடைகளில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டார்கள், முட்டை சேர்ப்பார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் கடைப்பிடிப்பதால் அன்று இக்கடைகளில் நீண்ட வரிசை நிற்கும். அந்நாள்கள் ஏறத்தாழ நம்முடைய அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டியே வருவதால், விரதம் இருப்பவர்கள் சற்று முன்னதாகப் போவது நல்லது. 2007இல் கட்டி முடிக்கப்பட்ட புத்தர் பல் கோயிலின் நிலத்தடித் தளத்திலும் சைவ உணவுக்கூடம் இருக்கிறது. எதுவும் சரிப்படவில்லையென்றால் சோயா பாலில் செய்த தௌஹுவே, கரும்புச் சாறு, நறுக்கிய பழம் ஆகியவை எப்போதும் கைகொடுக்கும்.

ஹலால் உணவு உண்பவர்கள் கடையில் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். இப்பகுதியில் அத்தகைய கடைகள் குறைவு. நியூ பிரிட்ஜ் சாலைக் கடைகளில் கரித்தணலில் வாட்டி, துண்டு நறுக்கி, சுவைத்துப் பார்க்கும்படி நீட்டுவார்களே, அந்த பக்குவா பெரும்பாலும் பன்றி இறைச்சி. வேண்டாமென்றால் புன்னகையோடு கையசைத்தால் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சாப்பிட்டு முடித்தபின் தட்டை நீங்களே எடுத்துச் சென்று வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் உணவங்காடி நிலையங்களில் இது சட்டம். முதல்முறை எச்சரிக்கையும் மறுமுறை 300 வெள்ளி அபராதமும் உண்டு. தட்டு வைக்கும் அடுக்குகள் ஹலால், ஹலால் அல்லாதவை என்று பிரிந்திருக்கும். பன்றி இறைச்சி இருந்த கிண்ணத்தை ஹலால் அடுக்கில் வைத்துவிடுவது அபராதத்தைவிடப் பெரிய சங்கடம், கவனமாக இருங்கள்.

ஈரச்சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும்; நண்பகலுக்குள் பல கடைகள் மூடிவிடும், திங்கட்கிழமைகளில் திறக்காத கடைகளும் உண்டு. மீன், இறால், கீரை, இஞ்சி போன்றவை அங்கே புதிதாகக் கிடைக்கும். உயிருள்ள தவளைகளையும் விற்பார்கள் என்பதால், சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அவர்களுக்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது. முகம் சுளித்துக்கொண்டு படம் எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். விற்பவருக்கு அது அன்றாடத் தொழில். நம் வீட்டுக் கருவாட்டு வாசனைக்கு அண்டைவீட்டார் முகம் சுளித்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். தெருவோரக் கடைகளில் நினைவுப்பொருள்களுக்கு விலை பேசலாம். சந்தையிலும் உணவுக்கடையிலும் பேரம் பேசுவது வழக்கமில்லை. யூ டோங் சென் தெருவில் உள்ள பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸில் பணமாற்றுக் கடைகள் அடுத்தடுத்து இருப்பதால் விகிதத்தை ஒப்பிட்டுப் பார்க்க வசதி. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்ற கடையாகப் பார்த்து மாற்றுங்கள், முகப்பை விட்டு நகர்வதற்கு முன்பே பணத்தை எண்ணிவிடுங்கள்.

கூட்டத்தின் அளவை நாள்காட்டிதான் தீர்மானிக்கிறது. ஜனவரி பிற்பாதிக்கும் பிப்ரவரி பிற்பாதிக்கும் இடையே வரும் சீனப் புத்தாண்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பே தெருக்களில் விளக்கலங்காரமும் இரவுச் சந்தையும் தொடங்கிவிடும். அப்போதைய வார இறுதி மாலைகளில் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு போவது யாருக்கும் நல்லதல்ல. பார்த்தே ஆக வேண்டுமென்றால் வார நாளில், பொழுது சாய்வதற்கு முன்பே போய்விடுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று வீட்டாரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். புத்தாண்டு நாளிலும் அடுத்த சில நாள்களிலும் நிலைமை நேர்மாறாக இருக்கும்: குடும்பத்தோடு இருக்கக் கடைக்காரர்கள் போய்விடுவதால் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், சாப்பாட்டுக்காக அங்கே போனால் ஏமாற்றம்தான். அந்நாள்களில் சீன நண்பர் வீட்டுக்கு அழைக்கப்பட்டால் இரண்டு மாண்டரின் ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் கொடுக்க வேண்டும். ஒற்றையாகக் கொடுக்கக் கூடாது. முழுக் கறுப்பு உடையைத் தவிர்ப்பது நல்லது, கடிகாரத்தைப் பரிசாகக் கொண்டுபோக வேண்டாம்.

ஆகஸ்ட், செப்டம்பரை ஒட்டி வரும் சீன ஏழாம் மாதத்தில் முன்னோரின் ஆவிகளுக்குப் படையல் இடுவார்கள். நடைபாதை ஓரத்தில் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, பழம், சோறு ஆகியவை வைக்கப்பட்டிருக்கும். தாளை எரித்த சாம்பலும் கிடக்கும். அவற்றை மிதிக்கவோ தாண்டவோ கூடாது, பிள்ளைகள் படையல் மிட்டாயை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திறந்தவெளியில் நடக்கும் கெத்தாய் இசை நிகழ்ச்சியில் முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தாலும் அங்கே போய் அமர வேண்டாம், அவை ஆவிகளுக்காக விடப்பட்டவை. தை அமாவாசைக்குப் பிண்டம் வைத்துப் பழகிய நமக்கு இது புரியாத செய்தியல்ல.

ஐப்பசியில், தீபாவளிக்கு முன்பாக, மாரியம்மன் கோயிலில் நடக்கும் தீமிதித் திருவிழாவின்போது சைனாடவுன் முழுவதும் தமிழ்க் கூட்டமாகிவிடும். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடந்து வந்து பூக்குழி இறங்குவார்கள். இறங்க விரும்புவோர் முன்கூட்டியே கோயிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். விவரங்களை இந்து அறக்கட்டளை வாரியத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அன்றிரவு சவுத் பிரிட்ஜ் சாலையில் போக்குவரத்து மாற்றிவிடப்படும், பேருந்துகள் வேறு வழியில் செல்லும். கடைசி ரயிலும் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும் என்பதால், பார்க்கச் செல்பவர்கள் திரும்பும் வழியை வீட்டிலிருந்து புறப்படும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.