பழைய ஹெவி டியூட்டி பிக்கப்: இன்ஜினில் மயங்கி சேஸில் கோட்டை விடாதீர்கள்

அமெரிக்காவில் பாலைவனம், மலைக்காடு என்று நாள்கணக்கில் சுற்றுவதற்குப் பழைய ஃபோர்டு எஃப்-250, எஃப்-350, டாட்ஜ் ராம் 2500, செவர்லே 2500எச்டி தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் இன்ஜினைத்தான் முடிவு செய்கிறார்கள். ஃபோர்டின் 7.3 லிட்டர் டீசல் இன்ஜினான பவர் ஸ்ட்ரோக் வேண்டும், இல்லையென்றால் டாட்ஜில் வரும் 12 வால்வு கம்மின்ஸ் டீசல் வேண்டும். அது கிடைத்துவிட்டால் வேறு எதையும் கண்டுகொள்வதில்லை. இரண்டுமே நன்றாக உழைக்கும் இன்ஜின்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இன்ஜினை எந்த ஊரிலும் பிரித்துச் சரிசெய்யலாம். அரித்துப்போன சேஸையும் போதாத சுமைத்திறனையும் அப்படிச் சரிசெய்ய முடியாது.

கணக்குப் போடாமல் சுமை ஏற்றுவது

எஃப்-250, 2500 ரகங்களை ‘முக்கால் டன் வண்டி, எதையும் தாங்கும்’ என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் லேபிளில் அதிகபட்ச மொத்த எடை இருக்கும். 1999–2004 எஃப்-250 பலவற்றில் அது 8,800 பவுண்டு. நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், டீசல் இன்ஜின் மூன்றும் சேர்ந்தால் வெறும் வண்டியே 6,500 முதல் 7,000 பவுண்டு வரை வந்துவிடும். மிச்சம் 2,000 பவுண்டு என்று வையுங்கள். மேற்கூரை உயர்த்தும் கேம்பர் (பின்தொட்டியில் ஏற்றும் தங்கும் அறை) 1,200, வின்ச்சோடு (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) இரும்பு பம்பர் 250, 20 கேலன் தண்ணீர் 167, இரண்டு பேர் 350, ஃபிரிட்ஜும் பேட்டரியும் கருவிகளும் 300. கூட்டினால் 2,267 பவுண்டு. சாப்பாட்டுச் சாமான் இன்னும் ஏற்றவில்லை.

அதே ஆண்டுகளின் எஃப்-350, பின்னால் ஒற்றைச் சக்கரம் உள்ளது, 9,900 பவுண்டு வரை போகும். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கேம்பர் வைப்பதாக இருந்தால் எஃப்-350 மட்டுமே தேடுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ளதை விட்டுவிடுங்கள். இரண்டு டயருக்கு நடுவில் கல் சிக்கி பக்கச்சுவரைக் கிழிக்கும், மணலில் பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் ஓடாமல் புதுத்தடம் வெட்டும். வாங்கும் முன்பே லாரிகளுக்கான எடைமேடையில் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள்.

பெரிய டயர் போட்டால் சுமைத்திறன் கூடும் என்று நினைப்பவர்களும் உண்டு. எல்டி265/75ஆர்16 அளவில், ‘இ’ என்ற சுமை ரக டயர் 80 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் 3,415 பவுண்டு தாங்கும். அதைவிடப் பெரிதாகத் தெரியும் 35x12.50ஆர்17 ‘இ’ ரகத்தின் வரம்பு 3,195தான். பக்கச்சுவரில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கியர் கணக்கும் இதோடு ஒட்டியது. 31.6 அங்குல டயரில் 3.73 ஆக்சில் கியர் ரேஷியோவோடு வந்த வண்டிக்கு 37 அங்குல டயர் மாட்டினால் ரேஷியோ 3.19 அளவுக்கு இறங்கியதுபோல் ஆகும். ஏற்றத்தில் இழுக்காது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடேறிச் சாகும். சரிசெய்ய முன் ஆக்சிலிலும் பின் ஆக்சிலிலும் கிரவுன் பினியன் என்ற கியர் ஜோடியை மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால், இரண்டு ஆக்சிலுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். 4.30 ரேஷியோவோடு தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி கிடைத்தால் அந்தச் செலவைத் தள்ளிப்போடலாம்.

கறுப்பு பெயின்ட் அடித்த அடிப்பாகம்

மிச்சிகன், ஒஹையோ, நியூயார்க் பக்கம் பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அங்கே ஓடிய வண்டி மேலே பளபளக்கும், கீழே சல்லடை. அரிசோனா, நியூ மெக்சிகோ வண்டியை ஆயிரம் டாலர் கூடக் கொடுத்து ஓட்டி வருவது நல்லது. அடிப்பாகத்தில் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள், கதவுகளுக்குக் கீழே உள்ள பலகையில் பட்டி பார்த்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

சின்ன சுத்தியலோடு கீழே படுத்துத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மொத்தென்று கேட்கும். பின் ஆக்சிலுக்கு மேலே சேஸ் வளையும் இடம், லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் ஹேங்கர், ஷேக்கிள், கேபினின் பின்மூலைகள், பிரேக் பைப்புகள், இவற்றில் அவசரம் கூடாது. 7.3-இல் இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பையும் தடவிப் பாருங்கள். துரு உரிந்து கசிந்தால் சம்ப் மாற்ற இன்ஜினையே தூக்க வேண்டும். சம்ப்பின் விலை சொற்பம், கூலிதான் கண்ணைக் கட்டும்.

இன்ஜினுக்கு வருவோம்

போய் இறங்கியதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். இன்ஜினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரின் வயர் முன் கிரில் வழியாகத் தொங்கும். அதை ராத்திரி முழுக்கப் பிளக்கில் போட்டு வைத்திருந்தாலும் குளிர் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது.

7.3-இல் கேம்ஷாஃப்ட் சென்சார் சொல்லாமல் கொள்ளாமல் போகும், வண்டி நடுவழியில் அணையும். பாகம் சிறியது, கையிலேயே ஒன்று ஸ்பேர் வைத்துக்கொள்ளலாம். 2003–2007 ஃபோர்டின் 6.0 டீசல் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆயில் கூலர் அடைத்தால், மறுபடி இன்ஜினுக்குள் போகும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர் வெடிக்கும், ஹெட் கேஸ்கெட்டும் தாங்காது. ஸ்கேனர் மாட்டி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். ஆயிலுக்கும் கூலன்டுக்கும் வெப்ப வித்தியாசம் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் கூலர் அடைத்திருக்கிறது. இன்ஜெக்டரை இயக்கும் மாட்யூல் 48 வோல்ட் காட்ட வேண்டும். 45-க்குக் கீழே இறங்கினால் அதுவும் மாற்றும் பட்டியலில் சேரும்.

1998 நடுவிலிருந்து 2002 வரையிலான டாட்ஜின் 24 வால்வு கம்மின்ஸில் டீசல் டேங்கிலிருந்து வரும் ஃபீட் பம்ப் சோர்ந்தால், இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் விபி44 பம்ப் உள்ளேயே டீசல் இல்லாமல் காய்ந்து கெடும். எரிபொருள் அழுத்தக் கேஜ் மாட்டாத வண்டியென்றால் பம்ப் விலையைப் பேரத்தில் கழியுங்கள். 1999-ஐ ஒட்டிய சில இன்ஜின் பிளாக்குகளின் பக்கத்தில் ‘53’ என்று வார்ப்பு எண் இருக்கும். அவை கூலன்ட் கசியும்படி விரிசல் விடுவதில் பேர்போனவை. பழைய 12 வால்விலோ டைமிங் கியர் ஹவுசிங்கை நிலைநிறுத்தும் சிறு இரும்பு ஊசி அதிர்ந்து வெளியேறி கியருக்குள் விழும், ஹவுசிங் உடையும். அதைத் தடுக்கும் தகடு மலிவு. போட்டிருக்கிறதா என்று கேளுங்கள், பில் காட்டச் சொல்லுங்கள்.

டீசல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. 2001–2006 செவர்லே 2500எச்டி-யின் 6.0 பெட்ரோல் இன்ஜின், 4எல்80இ கியர்பாக்ஸ் ஜோடி எடை குறைவு, பாகங்கள் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். குடிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் பெரிய டயருக்கு உயர்த்துவது ஃபோர்டைவிடச் செலவு. ஃபோர்டிலும் ஆண்டைப் பாருங்கள். 1997 வரையிலான எஃப்-250-இல் முன் ஆக்சில் நடுவில் மடங்கும் ரகம், அலைன்மென்ட் நிற்காது. 1986 முதலான எஃப்-350-இல் டானா 60 என்ற ஒரே துண்டான முன் ஆக்சில். 2005 முதல் முன்னால் காயில் ஸ்பிரிங், வண்டி திரும்பத் தேவைப்படும் வட்டம் நன்றாகக் குறைந்தது. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 172 அங்குலம் உள்ள, பின்தொட்டி நீளமான வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் மேட்டின் உச்சியில் வயிறு தட்டும்.

முன்சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள்

முன் ஆக்சிலுக்கு ஜாக்கி கொடுத்து டயரின் அடியில் லிவரை வைத்து நெம்புங்கள். மேலும் கீழும் ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். மண்பாதையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, லோ கியரிலும் ஓட்டிப் பாருங்கள். 1999–2004 ஃபோர்டில் வெற்றிடக் குழாய் மூலம் முன்சக்கரத்தை ஆக்சிலோடு தானே பூட்டும் ஹப் பெரும்பாலும் சீல் போய் வேலை செய்யாது. கையால் திருகும் ஹப் மாற்றினால் தொல்லை தீரும்.

கடைசியாக, புகைச் சோதனை. கலிஃபோர்னியாவில் 1998 மாடல் முதலான, மொத்த எடை 14,000 பவுண்டு வரையிலான டீசல் வண்டிகளுக்கு அது கட்டாயம். 1997 வரையிலானவற்றுக்கு இல்லை. ‘டிலீட் செய்தது’ என்று பெருமையாக எழுதியிருந்தால் மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் கழற்றிவிட்டார்கள் என்று பொருள். கூட்டரசுச் சட்டப்படி அது சட்டவிரோதம், திரும்ப மாட்டும் செலவு உங்கள் தலையில் விழும். கலிஃபோர்னியாவில் 90 நாளுக்குள் எடுத்த புகைச் சான்றிதழைத் தர வேண்டியது விற்பவர் பொறுப்பு. அது கைக்கு வரும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.